சீமைத் தேனீயும் இலந்தை வேலியும்

தேனீப் பெட்டி உத்தியோகத்தில் இருப்பவன் காலையில் ஒரு முகத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புவான். சாயங்காலம் வேறொரு முகத்தோடு திரும்புவான். இரண்டையும் புருஷன் முகம்தான் என்று ஒப்புக்கொள்கிற மனைவி அமைவது அவனவன் கொடுப்பினை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புணேயில் எனக்கு அந்த உத்தியோகம். கிராமத் தொழில்களை வளர்ப்பதற்காக ஏற்பட்ட ஓர் அலுவலகம். நாட்டுத் தேனீக்களை மரப்பெட்டியில் குடிவைத்து விவசாயிகளிடம் கொடுக்க வேண்டும். தேனீ வந்தால்தான் பூ காயாகும் என்று அவர்களுக்கு விளங்க வைக்க வேண்டும். பிறகு அவ்வப்போது போய்ப் பெட்டியைத் திறந்து, கொட்டு வாங்கி, மூடிவிட்டு வர வேண்டும். நேர்முகத் தேர்வில், "பூச்சிகளைக் கண்டால் பயமா?" என்று கேட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் என்ன சொல்வான்? "இல்லை சார்" என்றேன். பூச்சிகளுக்கு என்னைக் கண்டால் பயமா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் பல பேருக்கு நிம்மதியாகப் போயிருக்கும்.

எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர்கள், வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் செயலாளராக இருந்தவர்கள் எல்லோரும் என் இனம். நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இருபது அடிதானே!

அப்போது தாபோடியில் குடியிருந்தோம். எங்கள் காலனி மைதானத்து ஓரத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பாடமும் நடத்துவேன். தேனீக்குத் தன் பெட்டியைத் தெரியாது, இடத்தைத்தான் தெரியும். பெட்டியை நகர்த்தினால் ஒரு சாண் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டெல்லாம் சொன்னேன்.

கணபதி உற்சவம் வந்தது. பந்தல் போட அந்த மூலைதான் வசதி என்றார்கள். கம்பங்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குப் பரபரப்பு. நல்ல வெயில் நேரத்தில், பாதிக்கு மேல் தேனீக்கள் வெளியே மேயப் போயிருந்தபோது, இருபது அடிதானே என்று பெட்டியைத் தூக்கிச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிற்பகலில் பிள்ளையாரை அமர்த்தி, மாலை போட்டு, மோதகத் தட்டை முன்னால் வைத்தார்கள். மேயப் போன கூட்டம் அத்தனையும் வீடு திரும்பியது, பழைய இடத்துக்கு. மாலையில் ஒரு கொத்து, மோதகத்தில் ஒரு கொத்து. பெண்கள் எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் புகைமூட்டியும் கையுமாக விநாயகருக்குப் புகை போட்டுக்கொண்டு நின்றேன்.

பந்தல் கமிட்டித் தலைவர் ஜோஷி கோபப்படவில்லை. என் தோளில் கைவைத்து மராத்தியில் மெதுவாகச் சொன்னார்: "சாமுவேல் சாஹேப், தேனீ இடத்தை மறக்காதுன்னு போன வாரம் சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நீங்கதான் மறந்துட்டீங்க."

பூச்சி சார்

கன்டோன்மென்ட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் எனக்கு 'பூச்சி சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. மூட்டைப்பூச்சிக்கும் கூப்பிடுவார்கள், கம்பளியை அரிக்கிற அந்துப்பூச்சிக்கும் கூப்பிடுவார்கள். பல் டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டுகிற மாதிரி. எனக்குத் தெரிந்தது பெட்டித் தேனீ ஒன்றுதான் என்றால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு கல்யாணத்தன்று சர்ச் வாசல் வளைவில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தது. முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தொங்கியது. இதை மராத்தியில் 'ஆக்யா' என்பார்கள். நெருப்பு என்று பொருள், பொருத்தமான பெயர். தீப்பந்தம் கட்டிக் கொளுத்தலாம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். சீண்டினால் ஒழிய அது யாரையும் ஒன்றும் செய்யாது, இந்த வட்டாரத்துப் புளியும் நாவலும் காய்ப்பது இதனால்தான் என்று வாசற்படியில் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பந்தத்தைக் கீழே போட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்டது.

அந்த நேரம் பார்த்து, பெண் காரைவிட்டு இறங்கியதும், வளைவுக்கு நேர் கீழே நின்று பேண்டு வாத்தியக்காரர்கள் முழு மூச்சாக ஊதினார்கள். அதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை; கொட்டு வாங்கிக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டுவிட்டன. மற்றவர்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படியில் நின்றவன் நான் ஒருவன்தான். பிற்பாடு என் நெற்றியில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பெண்ணின் அம்மா சொன்னார்: "நீங்க சொன்ன பாடம் எங்களுக்கு நல்லாப் புரிஞ்சிது தம்பி. அதுகளுக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

வெள்ளைப் பூக்காடு

அந்த வருடங்களில் புணேயைச் சுற்றிக் காலி மனை எங்கும் கேரட் புல் மண்டியது. பார்த்தீனியம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து தானியத்தோடு வந்து இறங்கியது என்பார்கள். வந்த இடத்தில் தும்பையையும் நெருஞ்சியையும் மற்ற காட்டுப் பூக்களையும் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் நடந்தாலே சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும்.

எனக்குத் தடித்தது புத்தி. கடக்வாஸ்லா போகும் வழியில் ஒரு பெரிய பொட்டல் முழுக்க வெள்ளைப் பூ. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. 'அபாரமான பூவளம்' என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டு, ஆறேழு பெட்டிகளைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். அடுத்த முறை போய்த் தூக்கிப் பார்த்தால் பெட்டி காற்றாய் இருந்தது. அந்தப் பூவில் நம் தேனீ உறிஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லை. கல்யாண வீட்டில் இலையெல்லாம் போட்டு, பரிமாறாமல் விட்ட கதை. தேனீக்கள் அடையின் மேல் சோர்ந்து கிடந்தன. பட்டினி போட்டவன் நான்தானே.

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றினேன். பாகுக்குச் சர்க்கரைக்கு எங்கே போவது? ரேஷன் கடைதான். என் மனைவி ஸ்டெல்லா காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பனங்கற்கண்டு போட்ட காப்பியை என் முன்னால் வைத்தாள். "ஊர்ல எல்லாவனும் தேனீ வளத்துத் தேன் கொண்டாரான். நீங்க தேனீ வளத்து நம்ம சீனியக் கொண்டு போறிய."

பாண்டுரங் கொடுத்த வாக்கு

பட்டினி கிடந்து பிழைத்த பெட்டிகளை நகர் என்கிற ஊருக்குப் போகும் சாலையில், ரஞ்சன்காவ் பக்கத்து ஊர் ஒன்றில், பாண்டுரங் என்பவருக்குக் கொடுத்தேன். அவர் வெங்காய விதைக்காகப் பயிர் செய்கிறவர். வெங்காயத்தைப் பிடுங்காமல் விட்டால் தண்டு நீண்டு உச்சியில் உருண்டையாகப் பூக்கும். பூச்சி வந்து பூ மாற்றிப் பூ உட்கார்ந்தால்தான் விதை. அந்த ஊர்க்காரர்களோ பூ விரிந்திருக்கிற நேரத்திலேயே மருந்து அடிப்பார்கள். கெட்ட பூச்சியோடு நல்ல பூச்சியும் போய்விடும். விதை வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய இன்னும் அதிகமாக அடித்தார்கள்.

நான் போன இடங்களில் என் பேச்சைத் தலையாட்டிக் கேட்டவர்கள் உண்டு, கொட்டாவி விட்டுக் கேட்டவர்கள் உண்டு. நம்பியவர் பாண்டுரங் ஒருவர்தான். எனக்கே பயமாக இருந்தது. மாருதி கோயில் முன்னால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வருஷம் பூ இருக்கிற வரைக்கும் யாரும் மருந்து அடிக்க வேண்டாம், விதைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். வெங்காயம் போட்டிருந்த எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

"விதை பிடிக்கலைன்னா என் பேச்சை இந்த ஊர்ல நாய்கூட மதிக்காது. நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க சாஹேப், நான் இங்கேயேதான் இருக்கணும்."

சீமை விருந்தாளிகள்

பூ விரிகிற சமயத்தில் எங்கள் பெரிய சாஹேப் இத்தாலியத் தேனீக்களை வரவழைத்தார். அளவில் பெரியது, சாது, நம்முடையதைப் போலத் தொட்டதற்கெல்லாம் கூட்டைவிட்டு ஓடாது, தேனும் பல மடங்கு தரும் என்று வடக்கே பேச்சு. எங்கே வைத்துக் காட்டுவது என்ற கேள்வி வந்தபோது, முந்திரிக்கொட்டை மாதிரி, "பாண்டுரங் வயலில் வைக்கலாம் சார்" என்றேன். நாட்டுத் தேனீ போதாது என்று எனக்குள்ளேயே ஒரு பயம் இருந்தது. இதுவும் சேர்ந்தால் விதை நிச்சயம் என்று கணக்குப் போட்டேன்.

பெட்டிகளுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். நாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். மறுமுறை போனபோது நாட்டுப் பெட்டி வாசலில் எப்போதும் காணாத சுறுசுறுப்பு. ஈக்கள் உள்ளே பாய்வதும் வெளியே பாய்வதுமாக ஒரே தள்ளுமுள்ளு. ஆகா, விருந்தாளியைப் பார்த்து நம்முடையவையும் உழைக்கக் கற்றுக்கொண்டன என்று பூரித்துப்போனேன். பாண்டுரங்கையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தோம்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது கொள்ளையை. பெரிய தேனீக்கள் சின்னவற்றின் வீடு புகுந்து தேனை வழித்துக்கொண்டிருந்தன. அடுத்த தடவை திறந்தபோது அடையெல்லாம் கடித்துக் குதறியிருந்தது, அடிப்பலகை முழுக்கச் செத்த ஈக்கள். மிச்சமிருந்தவை ராணியைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டன. பொட்டலில் பட்டினி கிடந்து, ஸ்டெல்லாவின் சர்க்கரையில் பிழைத்த குடிகள் அவை. காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய சாஹேப்பிடம் போய்ச் சொன்னேன். ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கொள்ளைன்னு எழுதாதே சாமுவேல். உள்ளூர் இனம் போட்டியில் பின்தங்கியதுன்னு எழுது."

வெல்லம்

போனது போகட்டும், இத்தாலிக்காரர்களாவது வெங்காயப் பூவைக் கவனிப்பார்கள் என்று இருந்தேன். காலையில் பெட்டியிலிருந்து கிளம்பி, வெங்காய வயலின் தலைக்கு மேலே, ஒரு மரியாதைக்குக்கூட இறங்காமல், நேராக வடக்கே பறந்தன. கண்ணுக்குக் கையால் மறைப்பு கொடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகப் பின்னாலேயே ஓடினேன். வெங்காயப் பூவின் தேன் அவற்றின் நாக்குக்கு ஆகவில்லை போலும்.

ஓட்டம் ஒரு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் முடிந்தது. கொப்பரையைச் சுற்றி, அச்சுக்குள்ளே, சாறு பிழிகிற இடத்தில், எங்கும் எங்கள் சர்க்கார் தேனீக்கள். பூப் பூவாகத் திரிந்து சேர்ப்பதைவிட இது சுலபம் என்று கண்டுகொண்டுவிட்டன. கொட்டகைக்காரர் அகப்பையோடு என்னிடம் வந்தார். "இதெல்லாம் உங்களோடதுதானே சாஹேப்? பாகிலே விழுந்ததையெல்லாம் வடிகட்டி வச்சிருக்கேன். எண்ணி எடுத்துட்டுப் போங்க."

வேலி

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. சளி, காய்ச்சல், வேறு ஊரில் முக்கியமான வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பாண்டுரங் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது. பெட்டியில் தேனீ இல்லை, இருக்கிற சீமைத் தேனீ வெல்லக் கொட்டகையில். விதைக்கு அவர் பொறுப்பு என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஸ்டெல்லாதான், "கெட்டாலும் போயி நின்னு கெடுங்க" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

பாண்டுரங் வயலோரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் சிலரும் அங்கே நின்றார்கள். என்னைப் பார்த்ததும் யாரும் ராம் ராம்கூடச் சொல்லவில்லை. அவர் எழுந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு வெங்காயத் தலையை ஒடித்து, என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. உமி பறந்துபோனதும் பார்த்தேன். கையில் கறுகறுவென்று விதை. அடுத்த தலையிலும் விதை. வேலியோரத்து வரிசைகளில் தண்டு சாய்கிற அளவுக்கு இருந்தது. வேலியைவிட்டுத் தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் குறைந்ததே ஒழிய, ஏமாற்றவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். பாண்டுரங்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

யார் செய்த வேலை இது? கடைசியாகப் பூத்திருந்த சில தலைகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். விரல்நுனியில் பாதிகூட இல்லாத கொம்புத் தேனீக்கள், வயிற்றில் நீலக் கோடு போட்ட ஏதோ ஒரு காட்டு ஈ, பெயர் தெரியாத இன்னும் இரண்டு மூன்று ஜாதி, சாதாரண ஈ. வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே இலந்தையும் நொச்சியும் முள்ளும் பின்னிப் பிணைந்த ஒரு பழைய வேலி. அதற்குள் கையை விட்டு விலக்கினால் கிளைக்குக் கிளை உள்ளங்கை அகலத்துக் கொம்புத் தேனடை. மருந்து அடிக்காத ஒரு பருவம் கிடைத்ததும் எல்லாம் வெளியே வந்து வயலில் இறங்கியிருக்கின்றன. இவற்றைப் பெட்டியில் அடைக்க முடியாது என்பதால் எங்கள் அலுவலகத்தில் இவற்றுக்குக் கணக்கே கிடையாது.

அந்த வேலியை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் முறை வந்தபோதே, "இந்தப் புதரை வெட்டிச் சுத்தமாகக் கம்பி போடுங்கள், பண்ணை என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?" என்று சொன்னவன் நான். ஒருமுறையல்ல, போகும்போதெல்லாம் சொன்னேன். என் பேச்சை ஒன்றுவிடாமல் நம்பிய மனிதர் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? அவருக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு மரியாதை பொங்கியது. கேட்டே விட்டேன்.

பாண்டுரங் வேலிக்கு அப்பாலிருந்த வயலைப் பார்த்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தெரியவும் இல்லை, ஒண்ணும் இல்லை சாஹேப். அந்தப் பக்கம் என் தம்பி நிலம். அப்பா போனதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நான் வெட்டினா வேலி என்னோடதுன்னு அர்த்தம், அவன் கோர்ட்டுக்குப் போவான். அவன் வெட்டினா நான் போவேன். இல்லாட்டி நீங்க சொன்ன அன்னைக்கே கொளுத்தியிருப்பேன்."

அடுத்த வருடமும் அந்த ஊரில் பூ இருக்கும்வரை மருந்து அடிக்கவில்லை என்று எழுதும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் இத்தனை வருட உத்தியோகத்தில் புணே வட்டாரத்துப் பூச்சிகளுக்கு நடந்த ஒரே உருப்படியான நன்மை, ஓர் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்ததுதான் என்பதையும், நல்ல வேளையாக அவர்களைச் சமாதானம் செய்துவைக்க எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.